இடுகுறியும் காரணமும்: ஃபியட்–கிரைஸ்லர் கூட்டும் கார் ஆர்வலர்களின் சினமும்

1

2011 மார்ச் மாதம் ஜெனீவாவில் நடந்த கார் கண்காட்சியில் இத்தாலியின் லான்சியா நிறுவனம் 'தேமா' என்னும் பெரிய கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. பெயர் பழையது. 1984 முதல் 1994 வரை அதே பெயரில் ஒரு கார் விற்பனையில் இருந்தது. ஃபெராரி எஞ்சினிலிருந்து உருவாக்கப்பட்ட எட்டு உருளை எஞ்சின் அதன் ஒரு வகையில் பொருத்தப்பட்டிருந்தது. ஜெனீவாவில் நின்ற புதிய தேமாவோ கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் செய்யப்பட்ட கிரைஸ்லர் 300. முகப்பு மாறியிருந்தது, சின்னம் மாறியிருந்தது, உள்ளறையின் சில பூச்சுகளும் மாறியிருந்தன. அந்தக் காரின் அடித்தளப் பாகங்கள் சில, கிரைஸ்லர் ஜெர்மானியர் கையில் இருந்த காலத்தில் மெர்செடிஸ்–பென்சிடமிருந்து வந்தவை. ஆக, அமெரிக்க வடிவமும் கனடியத் தொழிலாளரின் உழைப்பும் ஜெர்மானிய உறுப்புகளும் இத்தாலியப் பெயரும் ஒரே வண்டியில் கூடியிருந்தன.

அதே ஆண்டில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதன் மறுபக்கம் அரங்கேறியது. அங்கு லான்சியாவின் இப்சிலோன், டெல்ட்டா ஆகிய இத்தாலியக் கார்கள் கிரைஸ்லர் சின்னத்துடன் விற்பனைக்கு வந்தன. கால்வாயின் ஒரு கரையில் அமெரிக்க வண்டி இத்தாலியப் பெயர் பூண்டது. மறுகரையில் இத்தாலிய வண்டி அமெரிக்கப் பெயர் பூண்டது.

'லான்சிஸ்தி' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் லான்சியா பற்றாளர்கள் இதை அவமதிப்பாகவே கொண்டனர். இங்கு ஒரு கேள்வி எழுகிறது. லான்சியா 1969ஆம் ஆண்டிலேயே தன்னுரிமை இழந்து ஃபியட்டின் உடைமையாகிவிட்டது. ஃபியட் கார்களோடு அடித்தளத்தையும் எஞ்சினையும் பகிர்ந்த லான்சியாக்களைப் பற்றாளர்கள் பல ஆண்டுகளாக ஓட்டி வந்தனர். பங்குகள் கைமாறியபோதும் பாகங்கள் பொதுவானபோதும் பொறுத்துக்கொண்டவர்கள், ஒரு பெயர் இடம்பெயர்ந்தபோது மட்டும் ஏன் பொறுக்கவில்லை?

இதை விளக்கத் தமிழ் இலக்கண மரபில் ஒரு பொருத்தமான கருவி உண்டு. நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணம் கருதாமல் வழங்கி வருவது இடுகுறிப்பெயர். மரம் என்பது போல. ஒரு பண்போ தொழிலோ பற்றி வருவது காரணப்பெயர். பறப்பதால் பறவை என்பது போல. ஒரு நிறுவனத்தின் சட்டப்பிரிவுக்குக் காரின் பெயர் என்பது இடுகுறி. அது பதிவு செய்யப்பட்ட உடைமை. உரிமையாளர் விரும்பும் எந்தப் பொருளின் மீதும் அதை இடலாம். ஆர்வலருக்கோ அதே பெயர் காரணப்பெயர். முதலில் இடுகுறியாகத்தான் அது பிறந்திருக்கும். பின்னர்ப் பந்தயமும் பழுதும் பட்டறையும் கூடி அப்பெயருக்கு ஒரு காரணத்தை ஈட்டித் தந்திருக்கும். அமெரிக்க–இத்தாலிய கார்க் கூட்டுகளின் வரலாற்றில் ஆர்வலர்களின் சினம் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடங்கள், ஈட்டிய பெயரை இட்ட பெயராக நிறுவனங்கள் நடத்திய இடங்களே.

2

இரு நாட்டுக் கலப்பு கார் ஆர்வலர்களுக்கு இயல்பாகவே ஒவ்வாதது என்று கருதுவதற்கில்லை. 1950களிலேயே கிரைஸ்லர் தன் மாதிரிக் கார்களின் உடற்கூடுகளை டூரினில் உள்ள கியா பட்டறையில் செய்வித்தது. 1960களில் மிலான் அருகே இயங்கிய ஈசோ நிறுவனம் இத்தாலிய உடலுக்குள் அமெரிக்கச் செவர்லே எஞ்சினைப் பொருத்தி விற்றது. அந்தக் கார்கள் இன்று ஏலங்களில் பெருவிலை பெறுகின்றன.

ஒன்றற்கொன்று எதிரான இரண்டு எடுத்துக்காட்டுகள் இந்த வரலாற்றில் உண்டு. முதலாவது, டி டொமாசோ பந்தேரா. அர்ஜென்டினாவில் பிறந்து மொடேனாவில் நிலைகொண்ட அலெஹாந்த்ரோ டி டொமாசோவின் நிறுவனமும் அமெரிக்காவின் ஃபோர்டும் கைகோத்ததன் விளைவு அது. உடல் வடிவத்தைத் தந்தவர் டாம் ஜார்டா. கியாவில் பணியாற்றிய அமெரிக்கர். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே 5.8 லிட்டர் ஃபோர்டு வி8 எஞ்சின் இருந்தது. 1971 முதல் 1974 வரை லிங்கன்–மெர்க்குரி விற்பனையகங்களில் அது அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. வெப்பம் மிகுந்து நின்றுபோகும், தகடு துருப்பிடிக்கும் என்ற குற்றச்சாட்டுகள் குறைவில்லை. ஆயினும் வாங்கியவர்கள் அதைக் கைவிடவில்லை. எஞ்சின் ஃபோர்டினுடையது ஆதலால் உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைத்தன. உரிமையாளர் மன்றங்கள் தோன்றின. குறைகளைத் தீர்க்கும் வழிகள் கைமாறிப் பரவின. பந்தேரா என்ற பெயர் இதற்கு முன் எந்தக் காருக்கும் உரியதாக இருந்ததில்லை. அந்தக் கலப்பே அதன் காரணம். அதை யாரும் மறைக்கவுமில்லை.

இரண்டாவது, 'கிரைஸ்லர் டிசி பை மாசெராட்டி'. அன்று கிரைஸ்லரின் தலைவர் லீ அயகோக்கா. இத்தாலியக் குடியேறிகளின் மகன். மாசெராட்டி அப்போது டி டொமாசோவின் கையில் இருந்தது. 1980களின் நடுவில் இருவரும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மிலானில் ஒன்றிணைக்கப்பட்ட இருவர் அமரும் திறந்த கார் 1989ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தது. அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை கிரைஸ்லரின் சாதாரணக் கார்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தோற்றத்தில் அதனோடு ஒத்திருந்த கிரைஸ்லர் லெபாரன், மிகக் குறைந்த விலைக்கு அதே விற்பனையகத்தில் நின்றது. 1991 வரை ஏறத்தாழ 7,300 வண்டிகளே உருவாயின. பந்தேராவைவிட டிசி மோசமாகச் செய்யப்பட்ட கார் அன்று. ஆனால் மாசெராட்டி என்ற பெயர் எதைச் சுட்டி வந்ததோ அது அந்த வண்டிக்குள் பெரும்பாலும் இல்லை.

ஆக, 2009ஆம் ஆண்டு ஃபியட்டும் கிரைஸ்லரும் கைகோத்தபோது ஆர்வலர்களிடம் ஏற்கெனவே ஒரு நினைவுக் கிடங்கு இருந்தது. எதற்கு அஞ்சவேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

3

கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. 42 நாள்களில், ஜூன் 10 அன்று, புதிய நிறுவனமாக வெளிவந்தது. புதிய கிரைஸ்லரில் ஃபியட்டுக்கு 20 விழுக்காட்டுப் பங்கு கிடைத்தது; அதற்காக ஃபியட் பணம் தரவில்லை. சிறிய கார்களுக்கான அடித்தளங்களும் எரிபொருள் சிக்கனமான எஞ்சின்களும் வெளிநாட்டு விற்பனை வழிகளுமே அதன் முதலீடு. பெரும்பங்கு தொழிலாளர்களின் ஓய்வூதிய மருத்துவ நல அறக்கட்டளைக்குச் சென்றது. அமெரிக்க, கனடிய அரசுகள் சிறு பங்குகளை வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் எஞ்சின் உற்பத்தி, வட அமெரிக்காவுக்கு வெளியே வருவாய், எரிபொருள் சிக்கனமுள்ள ஒரு கார் என மூன்று இலக்குகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் எட்டும்போது ஃபியட்டின் பங்கு ஐந்து விழுக்காடு உயரும்.

இந்தக் கணக்குகளுக்கு அடியில் மனிதர்கள் இருந்தனர். திவால் நடவடிக்கையின் பகுதியாகக் கிரைஸ்லர் 789 விற்பனையாளர்களின் ஒப்பந்தங்களை முறித்தது. அவர்களுள் பலர் சிற்றூர்களில் தலைமுறைகளாக அதே சின்னத்தின்கீழ்த் தொழில் நடத்தியவர்கள்.

அமெரிக்க ஆர்வலர்கள் இந்தக் கூட்டை இரண்டு நினைவுகளின் வழியாக நோக்கினர். ஒன்று, 1998இல் நிகழ்ந்த டெய்ம்லர்–கிரைஸ்லர் இணைப்பு. 'சமமானவர்களின் இணைப்பு' என்று அறிவிக்கப்பட்ட அது விரைவிலேயே ஜெர்மானியத் தரப்பின் ஆட்சியாக மாறியது. 2007இல் கிரைஸ்லரின் பெரும்பங்கு செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அக்காலத்தில் பரவிய நகைச்சுவை ஒன்று மொழியியல் மாணவர்க்கு உவப்பானது. டெய்ம்லர்கிரைஸ்லர் என்பதை எப்படி உச்சரிப்பது? 'கிரைஸ்லர்' எழுத்தில் உண்டு, ஒலிப்பில் இல்லை. ஆங்கிலத்தின் ஒலியா எழுத்தைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் அதிகார நிலையை அந்த ஒரே வரி விளக்கிவிட்டது.

மற்றொன்று ஃபியட்டைப் பற்றிய நினைவு. 1970களில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய ஃபியட்கள் துருவுக்கும் பழுதுக்கும் பெயர்பெற்றவை. 1980களின் தொடக்கத்தில் ஃபியட் அச்சந்தையைவிட்டு விலகியது. அதன் உடன்பிறப்பான ஆல்ஃபா ரோமியோ 1995இல் விலகியது. ஃபியட் என்பது உண்மையில் 'டூரின் இத்தாலியத் தானுந்துத் தொழிற்சாலை' எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். 1899இல் இட்ட பெயர். அமெரிக்க நாட்டார் வழக்கோ அந்த நான்கு எழுத்துகளுக்குப் புதிய விரிவு கற்பித்தது: 'ஃபிக்ஸ் இட் அகெய்ன், டோனி'. இன்னொரு முறை பழுது நீக்கு, டோனி என்பது பொருள். டோனி என்ற பெயர் இத்தாலியக் குடியேறியைக் குறிக்கும் ஏளனம். ஆகவே அந்தக் கேலியில் பட்டறை அனுபவமும் இன இழிவும் ஒன்றாகக் கலந்திருந்தன. ஆர்வலர்களின் நினைவு எப்போதும் தூய்மையானது என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. கால் நூற்றாண்டாகச் சந்தையிலேயே இல்லாத ஒரு நிறுவனத்தின் மீது அந்தக் கேலி 2009இலும் அப்படியே பாய்ந்தது.

4

அமெரிக்க ஆர்வலர்களின் முதன்மையான அச்சம் ஹெமி எஞ்சினைப் பற்றியது. அரைக்கோள வடிவ எரியறையால் அந்தப் பெயர் பெற்ற கிரைஸ்லரின் வி8 எஞ்சின், 1960களின் பந்தயங்களால் காவியத் தகுதி அடைந்தது. பெயரே காரணப்பெயராக அமைந்த அரிய எடுத்துக்காட்டு அது. சிறிய கார்களுக்குப் புகழ்பெற்ற ஃபியட்டின் கையில் ஹெமி மடியும், டாட்ஜ் சாலஞ்சர் போன்ற தசைவலிமைக் கார்கள் மறையும் என்று பலர் எண்ணினர்.

நிகழ்ந்தது நேர்மாறு. 2014இல் வெளிவந்த சாலஞ்சர் ஹெல்காட், 6.2 லிட்டர் ஹெமியிலிருந்து 707 குதிரைத்திறனைத் தந்தது. 2017இல் வந்த டீமன் வகை 840 குதிரைத்திறனை எட்டியது. இவை இரண்டும் செர்ஜியோ மார்க்கியோன்னேயின் தலைமையில் உருவானவை. இத்தாலியில் பிறந்து இளமையில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அவர், ஹெமி என்ற பெயருக்குள் இருந்த காரணத்தை அமெரிக்க உரிமையாளர்கள் பலரினும் நன்கு உணர்ந்தவராகச் செயல்பட்டார். அந்தக் கார்களை இத்தாலிய உடைமை என்று எந்த ஆர்வலரும் புறந்தள்ளவில்லை. முதலாளியின் நாடு அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

டாட்ஜ் டார்ட்டின் கதை வேறு. 1960 முதல் 1976 வரை அமெரிக்காவில் எளிய, உறுதியான குடும்பக் காராக விளங்கியது பழைய டார்ட். 2012இல் ஆல்ஃபா ரோமியோ ஜூலியெட்டாவின் அடித்தளத்தை விரித்து உருவாக்கிய புதிய காருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. ஃபியட்டின் மூன்றாம் இலக்கை நிறைவேற்றித் தந்தது இந்தக் கார்தான். பழைய டார்ட்டை நேசித்தவர்களுக்கு முன்சக்கரங்களால் இயங்கும் இந்த வண்டி அந்நியம். புதிய தலைமுறைக்கு அந்தப் பெயர் எந்த நினைவையும் தூண்டவில்லை. 2016இல் உற்பத்தி நின்றது.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது ஜீப் செரோக்கி. 1984 முதல் 2001 வரை வந்த பெட்டி வடிவச் செரோக்கியை ஜீப் பற்றாளர்கள் இன்றும் போற்றுகின்றனர். டார்ட் நின்ற அதே இத்தாலிய அடித்தளத்தின் மீது அமைந்த புதிய செரோக்கியின் படங்கள் 2013 பிப்ரவரியில் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு அண்மைக்காலக் கார் வரலாற்றில் பெரியது. முகப்பின் மேல்விளிம்பில் ஒடுங்கிய விளக்குகள், வளைந்த மூக்கு, குறுக்குவாட்டில் கிடந்த எஞ்சின்: இது ஜீப்பே அன்று எனத் தீர்ப்பளித்தனர். ஆனால் 2015இல் மட்டும் அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செரோக்கிகள் விற்பனையாயின.

இதைக் கொண்டு ஆர்வலர்கள் சந்தையைக் கணிக்கத் தெரியாதவர்கள் என்று முடித்துவிடலாம். அது பாதி உண்மை. கார் வாங்குவோரில் பெரும்பாலோர் ஆர்வலர் அல்லர். பெயரின் வரலாறு அவர்களுக்கு முதன்மையானதன்று. மறுபாதி உண்மை நிறுவனத்தின் செயலில் உள்ளது. செரோக்கியின் 'டிரெய்ல்ஹாக்' வகையில் பின்சக்கரங்களைப் பூட்டி இயக்கும் அமைப்பும், கரடுமுரடான தடங்களில் ஏறுவதற்கு வேண்டிய உயரமும் சேர்க்கப்பட்டன. சில ஆண்டுகளில் அந்த விவாதத்துக்கு உள்ளான முகப்பும் திருத்தப்பட்டது. ஜீப் என்ற பெயர் பாதையற்ற நிலத்தில் செல்லும் ஆற்றலைக் குறிக்கிறது என்பதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது; அந்த ஆற்றலை வண்டிக்குள் வைக்கச் செலவும் செய்தது. பெயருக்குரிய காரணத்தைப் புதிய உடலுக்குள் மீண்டும் ஈட்ட முயன்றதால்தான் செரோக்கி டார்ட்டின் முடிவைச் சந்திக்கவில்லை என்று கருத இடமுண்டு.

5

இத்தாலியில் அத்தகைய முயற்சி நடைபெறவில்லை. லான்சியா என்ற பெயரின் பின்னால் இருந்த செல்வம் சாதாரணமானதன்று. வின்சென்சோ லான்சியா 1906இல் டூரினில் தொடங்கிய நிறுவனம் அது. 1922இல் வெளிவந்த லாம்ப்டா, உடற்கூடே சுமையைத் தாங்கும் அமைப்பைக் கார் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1950இல் வந்த அவ்ரேலியா, வி6 எஞ்சினுடன் தொடர் உற்பத்தி கண்ட முதல் கார். டெல்ட்டா 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் உலக ராலிப் பந்தயத்தில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்று தந்தது. லான்சியா என்றால் பொறியியல் துணிவு. அந்தத் துணிவே அப்பெயர் ஈட்டிய காரணம்.

2011க்குப் பின் அந்தப் பெயரைத் தாங்கி வந்தவை கிரைஸ்லர் 300இன் மறுபதிப்பான தேமா, கிரைஸ்லரின் பெரிய குடும்ப வண்டியான வோயேஜர், கிரைஸ்லர் 200இன் திறந்த வகையான ஃப்ளாவியா ஆகியவை. ஃப்ளாவியா என்பதும் 1960களின் லான்சியா ஒன்றிடமிருந்து எடுத்த பெயர். வோயேஜர் மட்டும் தன் சொந்தப் பெயரைக் காத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் மூன்றும் வந்த சுவடின்றி மறைந்தன. 2017க்குள் லான்சியா இத்தாலிக்குள் மட்டும், இப்சிலோன் என்ற ஒரே சிறிய காருடன் சுருங்கிவிட்டது. பிரிட்டனில் கிரைஸ்லர் சின்னமும் 2015இல் நிறுத்தப்பட்டது. ஒன்றின் பெயரை மற்றொன்றின் மேல் ஒட்டியதில் இரண்டு பெயர்களும் அவ்வச்சந்தைகளில் அழிந்தன.

ஆனால் அதே கூட்டு, அதே காலத்தில், தெற்கு இத்தாலியின் மெல்ஃபி ஆலையில் வேறொன்றைச் செய்தது. 2014இல் அங்கே ஜீப் ரெனிகேட் உருவாகத் தொடங்கியது. அமெரிக்காவில் விற்பதற்காக அமெரிக்காவுக்கு வெளியே மட்டும் செய்யப்பட்ட முதல் ஜீப் அது. அதே அடித்தளத்தில் ஃபியட் 500எக்ஸ் அதே ஆலையில் பிறந்தது. தேமாவைப் போல் ஒன்றின் மேல் மற்றொன்றின் சின்னம் ஒட்டப்படவில்லை. உடலும் பயன்பாடும் வேறாக அமைந்த இரண்டு கார்கள். 2015 ஜனவரியில் அந்த ஆலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பணியமர்த்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

இத்தாலிய ஆர்வலர்களின் சினத்தை மதிப்பிடும்போது மெல்ஃபியோடு சிசிலித் தீவின் தெர்மினி இமெரேசேயையும் நினைக்கவேண்டும். 1970 முதல் இயங்கிய அங்குள்ள ஃபியட் ஆலை 2011 இறுதியில் மூடப்பட்டது. அது கடைசியாகச் செய்த வண்டிகள் லான்சியா இப்சிலோன்கள். ஜெனீவாவில் தேமாவின் முகப்பைப் பழித்தவர்களின் குரல் உலகெங்கும் கேட்டது. அதே ஆண்டில் வேலையிழந்த சிசிலித் தொழிலாளர்களின் குரல் கார் இதழ்களின் பக்கங்களில் அந்த அளவுக்கு இடம்பெறவில்லை. பெயரின் காரணத்தை அறிந்தோர், அந்தப் பெயரைத் தகட்டில் பதித்த கைகளை அதே அக்கறையோடு நோக்கினர் என்று சொல்லமுடியாது.

6

இந்த வரலாற்றுக்கு இந்தியாவில் ஒரு கிளை உண்டு. 1944இல் வால்சந்த் ஹிராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மும்பையின் குர்லாவில் முதலில் கிரைஸ்லரின் உரிமத்துடன் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளை ஒன்றிணைத்தது. 1950களில் ஃபியட்டின் உரிமத்துடன் ஃபியட் 1100ஐச் செய்தது. டெட்ராய்ட்டும் டூரினும் ஒரே நிறுவனமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே குர்லாவில் அவற்றின் வண்டிகள் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

அங்கே பெயர் நடந்துகொண்ட விதமும் ஆய்வுக்குரியது. ஃபியட் 1100இன் வழிவந்த கார், 1970களில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. சின்னம் மாறியது, மக்கள் நாவில் அது 'ஃபியட்' என்றே வழங்கிற்று. 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசிப் பத்மினி டாக்சிகள் விடைபெறும் வரை பலருக்கு அது ஃபியட் டாக்சிதான். ஐரோப்பாவில் நிறுவனம் பொருளை மாற்றிப் பெயரை வைத்துக்கொண்டது. இந்தியாவில் நிறுவனம் பெயரை மாற்றியும் மக்கள் பொருளுக்குரிய பழைய பெயரையே வைத்துக்கொண்டனர். இரண்டு இடங்களிலும் பெயரின் உண்மையான காவலர் பயன்படுத்துவோரே.

ஜீப் இதனினும் ஒருபடி மேலே சென்றது. தமிழில் 'ஜீப்பு' என்பது ஒரு நிறுவனத்தின் சிறப்புப்பெயராக அன்றி, மலைப்பாதையில் செல்லும் வலிய வண்டி எதற்கும் உரிய பொதுப்பெயராக வேரூன்றியது. வனத்துறை ஜீப்பும் காவல்துறை ஜீப்பும் பெரும்பாலும் மகிந்திரா வண்டிகள். அந்த மகிந்திராவும் தொடக்கத்தில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை ஒன்றிணைத்த நிறுவனமே. 2017இல் புனே அருகே ரஞ்சன்காவில், ஃபியட்டும் டாட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையில் ஜீப் காம்பஸ் உருவானபோது, ஃபியட்டின் டீசல் எஞ்சினோடு சட்டப்படியான 'ஜீப்' இந்தியாவில் பிறந்தது. வழக்குப்படியான ஜீப்பு அதற்கு எழுபது ஆண்டு மூத்தது.

7

2014இல் ஃபியட் கிரைஸ்லரை முழுமையாக வாங்கியது. 2021 ஜனவரி 16 அன்று அது பிரான்சின் பெஜோ குழுமத்தோடு இணைந்து 'ஸ்டெல்லாண்டிஸ்' ஆயிற்று. விண்மீன்களால் ஒளிரச்செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து ஆக்கிய சொல் என்று நிறுவனம் விளக்கியது. எந்தக் காரின் மீதும் பொறிக்கப்படாத அந்தப் பெயர் குழுமத்தை மட்டும் குறிக்கும். பழைய பெயர்கள் பழைய இடங்களிலேயே இருக்கும் என அறிவிக்கப்பட்டது. தேமாவின் பட்டறிவுக்குப் பின் எடுத்த முடிவாக இதைப் படிப்பதில் பிழையில்லை.

ஆயினும் சிக்கல் வேறு வடிவில் திரும்பியது. 2024 ஏப்ரலில் ஆல்ஃபா ரோமியோ தன் புதிய சிறிய காருக்கு 'மிலானோ' எனப் பெயரிட்டது. 1910இல் மிலான் நகரில் பிறந்த நிறுவனம் தன் பிறந்த ஊரின் பெயரைச் சூட்டியது. ஆனால் கார் உருவாவது போலந்தின் டிஹி நகரில். வெளிநாட்டில் செய்த பொருளுக்கு இத்தாலியத் தோற்றத்தை உணர்த்தும் பெயரிடுவது சட்டத்துக்கு முரணானது என்று அமைச்சர் அதோல்ஃபோ உர்ஸோ கண்டித்தார். சில நாள்களிலேயே பெயர் 'ஜூனியர்' என மாற்றப்பட்டது. பெயருக்கும் பொருளுக்கும் இடையே ஓர் உண்மை இருக்கவேண்டும் என்று 2011இல் லான்சிஸ்தி சினந்து கேட்டதை, 2024இல் அரசு சட்டத்தின் மொழியில் கேட்டது.

பெயர் மாறியது, ஆலை மாறவில்லை. ஜூனியர் இன்றும் டிஹியிலேயே உருவாகிறது. காரணம் பொய்த்த பெயரை நீக்குவதற்கு நிறுவனத்துக்கு ஐந்து நாள்கள் போதுமாயிருந்தன. அந்தப் பெயரை மெய்யாக்க வேண்டுமானால் மிலானில் ஆலையைத் திறந்து ஆள்களை வேலைக்கு எடுக்கவேண்டும். அதை அமைச்சரும் கேட்கவில்லை, நிறுவனமும் முன்வரவில்லை. கார் ஆர்வலர்களின் சினத்தில் வரலாற்று அறிவு உண்டு. பெயர் எங்கே பொய்க்கிறது என்பதை அவர்கள் எல்லோருக்கும் முன்பாக உணர்கின்றனர். அந்த அறிவு எஞ்சின் வரலாற்றோடு நில்லாமல், தெர்மினி இமெரேசேயையும் மெல்ஃபியையும் குர்லாவையும் தன் நினைவுக்குள் சேர்த்துக்கொள்ளுமானால், கார்களின் வரலாறு உழைப்பின் வரலாறாகவும் எழுதப்படும்.